தின்னக் கொடுக்கும் தோட்டம்

வீட்டுத் தோட்டத்துக்கு வண்ணத்துப்பூச்சி வரவேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் முதலில் தேடுவது பூச்செடியைத்தான். இட்லிப்பூவும் செம்பருத்தியும் வைத்தால் அவை வரும். தேனைக் குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடும். முட்டையிட்டுப் பெருக வேண்டுமானால் புழுக்களுக்கு இலை வேண்டும், அதுவும் அந்தந்த இனத்துக்கு உரிய இலை. எலுமிச்சை அழகி நாடி வருவது எலுமிச்சை, நாரத்தை, கறிவேப்பிலை என ஒரே குடும்பத்துச் செடிகளை. வெந்தய வரியனுக்கு எருக்கும் அதன் உறவுச் செடிகளும். ஆகவே இந்த உயிர்களை வீட்டுக்கு அழைப்பவர், தாம் வளர்த்ததைத் தம் கண்முன்னே தின்னவும் கொடுக்க வேண்டும். எதுவரை கொடுப்பது என்பதுதான் தோட்டம் வைத்திருக்கும் ஒவ்வொருவர் முன்னும் நிற்கும் கேள்வி.

கறிவேப்பிலைப் புழு இதற்கு நல்ல சோதனை. பொரிந்த சில நாட்களுக்கு அது பறவை எச்சம்போல இலையில் ஒட்டிக் கிடக்கும். வளர்ந்ததும் பச்சை நிறத்துக்கு மாறும். சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து கொம்பு போன்ற ஒன்றை நீட்டி நாற்றம் பரப்பும். முட்டை சிறகு முளைத்துப் பறக்க ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். தொட்டியில் நிற்கும் சிறு கன்றை நாலைந்து புழுக்கள் மொட்டையடித்துவிடும். ஆளுயரம் வளர்ந்த மரத்துக்கோ அவை ஒரு பொருட்டே அல்ல. மொட்டையான கன்றும் வேர் நன்றாக இருந்தால் மறுபடி துளிர்க்கும். ரசத்துக்குத் தாளிக்க இலை வேண்டும் என்பதும் நியாயந்தான். இடமிருந்தால் இரண்டு செடி வைப்பதே எளிய வழி. பலரும் வேப்பெண்ணெய்க் கரைசலை அடிக்கிறார்கள். அது இயற்கைப் பொருள் என்பதால் தீங்கில்லை என்ற எண்ணம். புழுவின் வளர்ச்சியைக் குலைப்பதே அதன் வேலை. புழு போனால் அதோடு நிற்பதில்லை. தையல்சிட்டு தன் குஞ்சுக்கு ஊட்டுவது புழு பூச்சிகளை. தேன்சிட்டும் குஞ்சுக்கு வெறும் தேனைக் கொடுப்பதில்லை, சிலந்தியையும் சிறு பூச்சியையும் பிடித்து வருகிறது.

ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கும்போது தோட்டத்துக்கு ஆண்டு பிறக்கிறது என்றே சொல்லலாம். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி இந்தப் பருவத்தில் பெய்வது. மரத்தவளைகள் தொட்டி நீருக்கு மேலே நுரைக்கூடு கட்டி முட்டையிடும். மழைக்குச் சற்று முன்னும் பின்னுமாக, இமயமலை அடிவாரத்திலிருந்தும் நடு இந்தியக் காடுகளிலிருந்தும் ஆறுமணிக்குருவி தெற்கே வருகிறது. இரவெல்லாம் பறந்து களைத்து, நகரத்துக் கொல்லைகளிலும் இறங்கிவிடும். அதற்குப் பூவும் வேண்டாம், பழமும் வேண்டாம். சருகைக் கிளறி அடியில் கிடக்கும் பூச்சியையும் புழுவையும் தின்னும் பறவை அது. தினமும் பெருக்கித் துடைத்த கொல்லையில் அதற்கு ஒரு வாய் இரை கிடைக்காது. சருகு கிடந்தால் பாம்பு வரும் என்ற அச்சத்தைச் சிரித்துத் தள்ள முடியாது. குழந்தைகள் நடமாடும் வாசலையும் கிணற்றடியையும் பெருக்கி வைத்துவிட்டு, வேலியோரத்து மூலையை மட்டும் அதன் போக்கில் விடலாம்.

மழை ஓய்ந்த மார்கழி, தை மாதங்களில் அதிக வேலையில்லை, பார்த்துக்கொண்டிருக்கலாம்.

பங்குனியில் வேம்பு பூக்கத் தொடங்கியதும் கோடை வந்துவிடுகிறது. தரை காயும் இந்த நாட்களில் ஆழமில்லாத ஒரு மண்சட்டித் தண்ணீர் பூச்செடிகளைவிடப் பெரிய உதவி. ஆனால் அதை வைத்தவர் மறந்துவிடக் கூடாது. டெங்குவைப் பரப்பும் கொசு சட்டியின் உட்சுவரில் முட்டையிடும். தண்ணீர் வற்றினாலும் அந்த முட்டைகள் மாதக்கணக்கில் தாங்கும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கவிழ்த்து, நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும். தானியம் இறைப்பது இதைவிடச் சுலபம். அதனாலேயே பலர் அதைச் செய்கிறார்கள். மாடப்புறாவும் காகமும் கூடும். காகம் சிறு பறவைகளின் கூட்டைச் சூறையாடும் என்பதால், இறைத்த தானியம் தேன்சிட்டுக்குக் கேடாகவும் முடியலாம்.

சமவெளிக்கும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் இடையே வண்ணத்துப்பூச்சிகள் கூட்டங்கூட்டமாக இடம்பெயர்வதும் உண்டு. வேலியோரத்தில் கிலுகிலுப்பையோ தேள்கொடுக்கோ நின்றால் வழியில் அங்கே மொய்க்கும். ஆண் பூச்சிகள் அச்செடிகளிலிருந்து உறிஞ்சும் நச்சுப்பொருள் பெண்ணைக் கவரும் மணத்தை உண்டாக்க உதவுகிறது. களை என்று பிடுங்கி எறியப்படும் இவற்றுக்கு இப்படி ஒரு பயன். பூ நிறைந்ததெல்லாம் நல்ல செடி என்பதும் சரியல்ல. உண்ணிச்செடியிலும் வண்ணத்துப்பூச்சி மொய்க்கத்தான் செய்கிறது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுக்காக இந்தியா வந்த அந்தச் செடி, பறவைகள் பழத்தைத் தின்று விதை பரப்பியதால் இன்று முதுமலை, சத்தியமங்கலம் காடுகளில் புதராக மண்டிக் கிடக்கிறது.

ஆடியில் வேப்பம்பழம் உதிரும். குயிலும் மைனாவும் தின்று போட்ட விதைகள் யாரும் கேட்காமலே வேலியில் முளைக்கும். ஆடிப்பட்டத்துக்குக் கத்திரி, தக்காளி, அவரை விதைக்கும் வேளையில் கணக்கு மறுபக்கம் திரும்புகிறது. கத்திரிப்பூவின் மகரந்தப்பை நுனியில் மட்டும் துளை உள்ளது. காற்று அசைத்தால் கொஞ்சம் மகரந்தம் கொட்டும். தச்சுவண்டும் நீலப்பட்டைத் தேனீயும் பூவைக் கவ்விக்கொண்டு உடலை அதிரவைத்தால் நிறையக் கொட்டும். வழக்கமான தேனீக்களுக்கு அந்த வித்தை தெரியாது. தச்சுவண்டு காய்ந்த மரத்திலும் மூங்கிலிலும் துளையிட்டுக் குடியிருக்கும். நீலப்பட்டைத் தேனீ மண்ணிலும் மண்சுவரிலும் வளை தோண்டும். முழுக்க சிமெண்ட் பூசிய கொல்லையில் இரண்டுக்கும் இடமில்லை. பந்தலுக்குப் புது மூங்கில் நடும்போது, விரல் நுழையும் துளை விழுந்த பழைய கால்களை அடுப்புக்கு அனுப்பாமல் மழை படாத இடத்தில் சாத்தி வைத்தால் போதும்.