விலக்கப்பட்ட மருந்தும் நினைவின் கடமையும்

பெருந்தீங்கு விளைவித்ததென்று கண்டு ஒருமுறை விலக்கிய மருந்தை மீண்டும் கையில் எடுப்பது அறமாகுமா? 'தாலிடோமைடு' என்னும் மருந்தின் வரலாறு இக்கேள்வியை நம்முன் வைக்கிறது. மருத்துவரும் அரசும் மட்டுமல்ல, நோயுற்ற உறவினரின் படுக்கையருகே அமர்ந்து முடிவெடுக்கும் நாமும் சிந்திக்க வேண்டிய கேள்வி இது.

1957ஆம் ஆண்டு அக்டோபரில் மேற்கு ஜெர்மனியில் இம்மருந்து 'கான்டர்கான்' என்னும் பெயரில் உறக்க மாத்திரையாக வெளிவந்தது. தீங்கற்றது என்ற விளம்பரத்தோடு, மருத்துவர் சீட்டு இல்லாமலேயே விற்கப்பட்டது. கருவுற்ற தாய்மார் மசக்கையின் துன்பம் தணிய இதனை உட்கொண்டனர். பின்னர், கைகால்கள் வளராத குழந்தைகள் பல நாடுகளில் பிறந்தன. ஹாம்பர்க் நகரக் குழந்தை மருத்துவர் விடுகிண்ட் லென்ஸ் 1961 நவம்பரில் எச்சரித்தார். அம்மாதமே ஜெர்மனியில் மருந்து திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் உலகெங்கும் ஏறத்தாழ 10,000 குழந்தைகள் பாதிக்கப்பட்டிருந்தனர். அவர்களுள் பலர் பிறந்த சிறிது காலத்திலேயே இறந்தனர். அமெரிக்காவிலோ, அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் பணியாற்றிய பிரான்சிஸ் கெல்சி அம்மையார், போதிய சான்றுகள் இல்லையென்று கூறி அனுமதி தர மறுத்துவந்தார். அவருடைய உறுதியால் அந்நாடு பேரழிவிலிருந்து பெரிதும் தப்பியது.

கதை அத்தோடு முடியவில்லை. 1964இல் எருசலேமில் ஜேக்கப் ஷெஸ்கின் என்னும் மருத்துவரிடம் தொழுநோயாளர் ஒருவர் வந்தார். அந்நோயின் ஒரு கொடிய எதிர்வினையால் உடலெங்கும் புண்களும் தாங்கொணா வலியும் அவரை வாட்டின, உறக்கமே இல்லை. அவர் சற்றேனும் உறங்கட்டும் என்றெண்ணிய மருத்துவர், எஞ்சியிருந்த தாலிடோமைடு மாத்திரைகளைக் கொடுத்தார். நோயாளி உறங்கினார், சில நாள்களில் புண்களும் ஆறத் தொடங்கின. கடும் நிபந்தனைகளோடு இப்பயன்பாட்டிற்கு அமெரிக்கா 1998இல் அனுமதி அளித்தது. எலும்பு மச்சையில் தோன்றும் 'மல்டிபிள் மைலோமா' என்னும் புற்றுநோய்க்கும் 2006இல் அனுமதி கிடைத்தது.

ஆகவே, மருந்து தன் பழியைத் துடைத்துக்கொண்டது என்று சிலர் கூறுவர். இது சரியான பேச்சன்று. பொருளுக்குப் பாவமுமில்லை, மனமாற்றமுமில்லை. சோதித்தறியாமல் 'தீங்கற்றது' என்று சொன்னதும், எச்சரிக்கைகளைப் புறக்கணித்ததும் மனிதர் செயல்கள். மருந்தின் இயல்போ அன்றும் இன்றும் ஒன்றே. அது உடலில் 'செரிப்ளான்' என்னும் புரதத்தைப் பற்றிக்கொள்கிறது என்று ஜப்பானிய அறிஞர்கள் 2010இல் கண்டறிந்தனர். கருவைச் சிதைப்பதற்கும் புற்றுநோயைத் தாக்குவதற்கும் அதே புரதமே வழியாக இருப்பது பின்னர் தெளிவாயிற்று. எனவே இம்மருந்தின் பாதுகாப்பை அதன் உள்ளே தேடிப் பயனில்லை. அதைக் கையாளும் மனிதரின் விழிப்பில்தான் பாதுகாப்பு இருக்கிறது.

பிரேசில் நாடு இதற்குச் சான்று. அங்கே தொழுநோயாளருக்கு இம்மருந்து தொடர்ந்து வழங்கப்பட்டது. தென் அமெரிக்காவில் 1965க்குப் பின் பிறந்த 30க்கும் மேற்பட்ட குழந்தைகள் இதனால் ஊனமுற்றதை 1996இல் வெளியான ஓர் ஆய்வு பதிவு செய்தது. அவர்களுள் பெரும்பாலோர் பிரேசில் நாட்டினர். கருவுற்ற பெண்ணின் உருவத்தைக் குறுக்குக்கோடிட்டுக் காட்டிய எச்சரிக்கைப் படத்தை, கருத்தடை மாத்திரைக்கான அடையாளமென்று தவறாகப் புரிந்துகொண்டோரும் உண்டு. எழுதப் படிக்க அறியாத ஏழைத் தாய்க்கு விளங்காத எச்சரிக்கை எவரைக் காக்கும்? கருவுறவில்லை என்பதை உறுதி செய்வதும், மருந்தின் தன்மையைப் பொறுமையாய் எடுத்துரைப்பதும், மாத்திரை அடுத்தவர் கைக்குப் போகாமல் காப்பதும் வெறும் விதிமுறைகள் அல்ல. அவை நீதியின் கடமைகள்.

மற்றொரு தவறான ஆறுதலும் உண்டு. அக்குழந்தைகளின் துன்பம் இந்த நன்மைக்குக் கொடுத்த விலை என்பர் சிலர். நன்மை விளையும் பொருட்டுத் தீமை செய்யலாகாது என்பது திருத்தூதர் பவுல் உரோமையருக்கு எழுதிய மடலிலிருந்து நாம் கற்றுள்ள பாடம். இங்கோ, அத்தீமையிலிருந்து இந்நன்மை பிறக்கவுமில்லை. உறக்கமற்ற ஒரு நோயாளியின்மீது ஒரு மருத்துவர் கொண்ட பரிவிலிருந்தே அது பிறந்தது. எவருடைய குழந்தையும் பிறர் நலத்திற்கான விலையாகாது.

அப்படியாயின், என்றென்றும் விலக்கிவைப்பதே நேர்மையோ? பாதிக்கப்பட்டோரின் விடை நமக்குப் பாடமாகிறது. 1997இல் அமெரிக்காவில் நடந்த ஆலோசனைகளின்போது கனடா நாட்டுப் பாதிக்கப்பட்டோர் சங்கத்தினரும் பங்கேற்றனர். இம்மருந்து உலகில் இருப்பதையே தங்களால் ஏற்க இயலாது என்றனர். ஆயினும், கள்ளத்தனமாகப் புழங்குவதைவிடக் கடும் கட்டுப்பாட்டுக்குள் வருவது மேல் என்று கருதி, தீங்கற்ற மாற்று மருந்தைத் தேடும்படி வலியுறுத்தினர். தம் வேதனையை மறவாமலும், பிற நோயாளரின் வேதனைக்குக் கண்மூடாமலும் அவர்கள் பேசினர். விவேகம் என்னும் நற்பண்பு இதுவே.

இம்மருந்தை உருவாக்கி விற்ற ஜெர்மன் நிறுவனத்தின் தலைவர் வெளிப்படையாக மன்னிப்புக் கோரியது 2012 ஆகஸ்டில்தான். மருந்து திரும்பி வந்து 14 ஆண்டுகள் கழித்தே அச்சொல் வந்தது. அது போதாது என்றனர் பாதிக்கப்பட்ட பலர். பழைய மருந்தின் பயனை மறுமதிப்பீடு செய்வது அறிவியலின் பணி, அது நடைபெறட்டும். ஆனால் காயமுற்றோருக்குச் செலுத்த வேண்டிய கடனை அம்மதிப்பீடு தீர்த்துவிடாது. அவர்களை நினைவில் கொண்டு வழங்கும்போதுதான் அம்மருந்தை நாம் அறத்தோடு வழங்குகிறோம்.