யாரிடம் சொல்வது?

2009 ஜனவரியில் மும்பை ஓஷிவாராவில் மகாராஷ்டிரப் பயங்கரவாதத் தடுப்புப் படையினர் ஒருவரைப் பிடித்தார்கள். சுமார் 12 கிலோ ஹெராயின் சிக்கியது. பிடிபட்டவர் 1995ஆம் ஆண்டுத் தொகுதி ஐ.பி.எஸ். அதிகாரி சாஜி மோகன். அதற்குச் சில காலம் முன்புவரை மத்திய போதைப்பொருள் தடுப்புப் பிரிவில் சண்டிகர் மண்டல இயக்குநராக இருந்தவர். எல்லை தாண்டி வரும் சரக்கைப் பிடிப்பதுதான் அவருடைய வேலை. பிடித்த சரக்கிலிருந்தே எடுத்து விற்கப் பார்த்தார் என்பது வழக்கு. 2013இல் சண்டிகர் நீதிமன்றம் 13 ஆண்டும், 2019இல் மும்பை நீதிமன்றம் 15 ஆண்டும் சிறைத்தண்டனை விதித்தன.

இந்த வழக்கை நினைக்கும்போதெல்லாம் என் மனம் அந்த அதிகாரியிடம் நிற்பதில்லை. எல்லையில் ஹெராயின் தானாகப் பிடிபடுவதில்லை. பெரும்பாலும் எவரோ ஒருவர் தகவல் சொல்கிறார். ஒரு லாரி டிரைவராக இருக்கலாம், வரப்பில் நின்று பார்த்த விவசாயியாக இருக்கலாம். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் சொல்லியிருப்பார். அப்படிப் பிடித்த சரக்கு மறுபடியும் தெருவுக்கே விற்பனைக்குப் போகிறது என்றால், அந்த மனிதருக்கு நாம் என்ன பதில் வைத்திருக்கிறோம்?

மெக்சிகோவில் இதைவிடப் பெரிதாக நடந்தது. 2006 முதல் 2012 வரை அந்நாட்டின் பொதுப் பாதுகாப்புத் துறைக்கே தலைவராக இருந்தவர் ஹெனாரோ கார்சியா லூனா. சினலோவா போதைக் கும்பலிடம் பல மில்லியன் டாலர் லஞ்சம் வாங்கினார் என்று 2023 பிப்ரவரியில் நியூயார்க் புரூக்ளின் நீதிமன்றத்தில் நிரூபணமானது. அடுத்த ஆண்டு அக்டோபரில் 38 ஆண்டுகளுக்கும் மேலான சிறைத்தண்டனை. வாங்கிய பணத்துக்கு அவர் கொடுத்தது தகவல். விசாரணை எங்கே போகிறது, எதிர்க் கும்பல் என்ன செய்கிறது என்பதெல்லாம் கும்பலின் காதுக்குப் போயிற்று. அதே நாட்டில் ஜெனரல் ஹெசூஸ் குத்தியெரெஸ் ரெபோயோ 1996 டிசம்பரில் போதைத் தடுப்புத் தலைவராக நியமிக்கப்பட்டு, 1997 பிப்ரவரியில் கைதானார். அவர் மும்முரமாகப் பிடித்ததெல்லாம் தனக்குப் பணம் கொடுத்தவரின் போட்டியாளர்களை. இத்தனை கைது, இத்தனை கிலோ பறிமுதல் என்று செய்தி வரும்போது எனக்கு இந்த ஜெனரல் நினைவுக்கு வருவார். எண்ணிக்கை மட்டும் நேர்மைக்குச் சாட்சி ஆகாது.

எங்கோ நடந்த இதெல்லாம் கடம்பத்தூரில் இருக்கும் எனக்கு எதற்கு என்று கேட்கலாம். ஆந்திர மலைப்பகுதியிலிருந்து கஞ்சா வரும் வழிகளில் எங்கள் மாவட்டமும் ஒன்று. எளாவூர் சோதனைச் சாவடியில் பஸ்ஸையும் லாரியையும் நிறுத்திப் பார்க்கிறார்கள். ரயிலிலும் வருகிறது. அரக்கோணம் மார்க்கத்தில் ஷிப்டு முடிந்து வரும் பிள்ளைகள், பத்து மணி நேரம் நின்றுகொண்டே வேலை பார்த்த பிள்ளைகள், வாங்குகிற கூட்டமாக மாறுவதற்கு அதிக நாள் பிடிப்பதில்லை.

எங்கள் தெருவில் ஒரு அக்கா. கம்பெனி கேன்டீனில் வேலை. மகனுக்குப் பொட்டலம் எங்கே கிடைக்கிறது, கொடுப்பவன் எந்த வண்டியில் வருகிறான் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். மகனின் சட்டைப் பையில் கிடைத்த பொட்டலத்தை ஒருநாள் என்னிடம் காட்டினார். நியூஸ்பேப்பர் துண்டில் மடித்து, ரப்பர் பேண்டு சுற்றியிருந்தது. பார்க்க மருந்துக்கடைப் பொட்டலம் மாதிரிதான் இருந்தது. “புகார் எண் 10581க்குப் போன் பண்ணலாமே அக்கா” என்றேன். “பண்ணலாம் தம்பி. அங்கேர்ந்து நம்ம பேரு அவனுங்க காதுக்குப் போயிட்டா? நானும் பொண்ணும் நைட் ஷிப்டு முடிஞ்சு அந்த வழியாத்தானே நடந்து வரணும்?” என்றார்.

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. தகவல் எங்கிருந்து வந்தது என்று எந்த அதிகாரியையும் கட்டாயப்படுத்திக் கேட்க முடியாது என்கிறது 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 68ஆம் பிரிவு. உடந்தையாகும் அதிகாரிக்குக் குறைந்தது 10 ஆண்டு என்கிறது 59ஆம் பிரிவு. இரண்டும் நல்ல பிரிவுகள். ஆனால் யாரும் கேட்காமல் தானாகவே பெயரை விற்கிற அதிகாரியிடமிருந்து 68ஆம் பிரிவு அக்காவைக் காப்பாற்றாது. அப்படி ஒருவர் இருக்கிறாரா இல்லையா என்பதுகூட முக்கியமில்லை. இருக்கலாம் என்ற நினைப்பே அக்காவின் வாயை அடைத்துவிடுகிறது. மேலிடத்தில் ஒருவர் விலைபோகும்போது வியாபாரிக்குக் கிடைக்கும் பெரிய லாபம் இதுதான். ஊர் முழுக்க வாயை மூடிக்கொள்கிறது. அதற்கு அவன் தனியாக ஒரு பைசா கொடுக்க வேண்டியதில்லை.

பெயர் மட்டுமல்ல, பிடித்த சரக்கு என்ன ஆகிறது என்பதும் கவலைதான். பிடித்த சரக்கை மாஜிஸ்திரேட் முன்னிலையில் எடை போட்டு, மாதிரி எடுத்து, தாமதமில்லாமல் அழிக்க வேண்டும் என்று 2016இல் மோகன்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் 2023இல் சென்னையில் ஒரு கஞ்சா வழக்கில் இருவர் விடுதலையானார்கள். 22 கிலோ பிடித்ததாக வழக்கு. அதில் பெரும்பகுதியை எலி தின்றுவிட்டதாக போலீஸ் சொன்னது. அந்தச் செய்தியை அக்காவும் படித்திருந்தார்.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். சாஜி மோகனைப் பிடித்தவர்களும் போலீஸ்காரர்கள்தான். ஒரு ஐ.பி.எஸ். அதிகாரியின் கையில் விலங்கு மாட்டினால் தங்களுக்கு என்ன வரும் என்று அவர்கள் யோசித்திருந்தால் அந்த 12 கிலோ மும்பைத் தெருக்களில் இறங்கியிருக்கும். அவர்களை நினைத்தால் அக்காவிடம் “சொல்லாதீங்க” என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதே சமயம், தைரியமாகச் சொல்லுங்கள் என்று உபதேசம் செய்யவும் எனக்கு உரிமை இல்லை. அந்த இருட்டில் நடந்து வரப்போவது நான் இல்லையே.

ஒருவர் மட்டும் சொன்னால்தானே பெயர் தெரியும், எல்லோரும் சேர்ந்தே சொன்னால் என்ன என்று யோசித்தோம். சுதந்திர தினக் கிராம சபையில் விஷயத்தை எழுப்பினோம். முதலில் நான் பேசினேன், பிறகு எங்கள் தெருப் பெண்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். ரயில்வே கேட் பக்கம் தெருவிளக்கு வேண்டும், மாலை நேர ரோந்து வேண்டும், பதிவாகும் வழக்கு என்ன ஆனது என்று அடுத்த சபையில் தெரிவிக்க வேண்டும் என்று தீர்மானம். முன்மொழிந்தவர் பெயர் கேட்டபோது வந்திருந்த எல்லோர் பெயரையும் எழுதச் சொன்னார்கள். நகல் ஒன்றிய அலுவலகத்துக்கும் காவல் நிலையத்துக்கும் போயிருக்கிறது. அக்டோபர் 2 சபையில் அதே தீர்மானத்தை எடுத்து வைத்து, என்ன ஆயிற்று என்று கேட்கப் போகிறோம்.