எடைக்குப் போட்ட பிரிட்ஜ்

புது பிரிட்ஜ் வாங்குவதென்றால் வீட்டில் ஒரு மாதம் பேச்சு நடக்கும். எத்தனை லிட்டர், எத்தனை ஸ்டார், சிங்கிள் டோரா டபுள் டோரா, ஆடித் தள்ளுபடி வரை பொறுக்கலாமா என்று எல்லோருக்கும் ஒரு கருத்து இருக்கும். பழையது வெளியேற ஐந்து நிமிடம் போதும். தெருவில் போகிற பழைய இரும்புக்காரரைக் கூப்பிடுகிறோம். அவர் முன்பக்கத்தைப் பார்ப்பதே இல்லை. நேராகப் பின்னால் போய்க் குனிந்து, "கம்ப்ரசர் இருக்கா, கழட்டிட்டீங்களா?" என்று கேட்கிறார். இரண்டு பேரும் ஒரு தொகைக்கு இறங்கிவர, பிரிட்ஜ் மீன்பாடி வண்டியில் ஏறிப் போய்விடுகிறது. சட்டம் இதில் விற்றவரைக் குற்றம் சொல்லாது. ஆனால் வண்டி தெருமுனை திரும்பியதும் விற்றவரின் பொறுப்பும் முடிந்துவிடுகிறதா என்பது சட்டத்திடம் கேட்டு முடிவு செய்யக்கூடிய கேள்வி அல்ல.

அந்தப் பேரத்தில் கைமாறிய பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் விஷயம் கொஞ்சம் பிடிபடும். காயலான் கடையில் பிரிட்ஜைப் படுக்கப் போட்டதும் முதல் வேலை, பின்பக்கத்துக் குழாயைக் கட்டிங் பிளேயரால் நறுக்குவது. புஸ்ஸென்று சில நொடி சத்தம், அவ்வளவுதான். 2000-க்குப் பிறகு வந்த பல பிரிட்ஜ்களில் இருக்கும் ஆர்-134ஏ என்ற வாயு, அதே எடையுள்ள கரியமில வாயுவைப்போல ஏறத்தாழ 1,300 மடங்கு வெப்பத்தைப் பூமியில் தேக்கக்கூடியது. வீட்டு பிரிட்ஜில் இருப்பது நூறு, நூற்றைம்பது கிராம்தான். நூறு கிராமே வெளியேறினாலும் ஐம்பது லிட்டருக்கு மேல் பெட்ரோலை எரித்ததற்குச் சமம். நறுக்கும் பையனுக்கு அது தெரியாது. எந்த நிறமும் இல்லாமல் போகிற ஒன்றைப் பற்றி அவன் ஏன் கவலைப்பட வேண்டும்? அடுத்தது கம்ப்ரசர். எண்ணெயைத் தரையில் கவிழ்த்துவிட்டு, ஓட்டை உடைத்து உள்ளே இருக்கும் காயிலை எடுப்பார்கள். வயர்களை உரிக்கப் பொறுமை இல்லையென்றால் குவித்துக் கொளுத்துவார்கள். பிளாஸ்டிக் உறை எரிந்து போகும், காப்பர் மிஞ்சும். அந்தப் புகையில் டயாக்ஸின் முதலான நச்சுகள் உண்டு. கதவுக்குள்ளும் சுவருக்குள்ளும் அடைத்திருந்த மஞ்சள் ஃபோமை வாங்க ஆளில்லை. அது ஏரிக்கரைக்கோ காலி மனைக்கோ போகும்.

இதையே முறையாகச் செய்கிற ஆலை இருக்கிறது. அங்கே வாயுவை உறிஞ்சிச் சிலிண்டரில் பிடிக்கக் கருவி வேண்டும், எண்ணெயைத் தனியே சேர்க்க வேண்டும், கையுறையும் முகமூடியும் தர வேண்டும், ஃபோமுக்கு ஒரு வழி பார்க்க வேண்டும். இத்தனை செலவையும் கழித்த பிறகுதான் பழைய பிரிட்ஜுக்கு அவர்கள் விலை சொல்ல முடியும். அதனால் அந்த விலை குறைவாகவே இருக்கும். காயலான் கடை கூடுதலாகத் தருகிற சில நூறு ரூபாய், இந்தச் செலவுகளைச் செய்யாமல் விட்டதால் மிஞ்சிய பணம். விற்றவர் பேரம் பேசிக் கூட்டி வாங்கியதும் அதிலிருந்துதான். யாருடைய நுரையீரலில் எவ்வளவு இறங்கியது என்று கணக்குப் போட வழி இல்லை. ஆனால் அந்த நோட்டுகளில் அதுவும் சேர்ந்தே இருக்கிறது.

ஜப்பானில் இந்தக் கணக்கு தலைகீழ். அங்கே 2001 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி டிவி, பிரிட்ஜ், வாஷிங் மெஷின், ஏ.சி. ஆகியவற்றைக் கழிப்பவர்தான் மறுசுழற்சிக் கட்டணம் கட்ட வேண்டும். பழைய பிரிட்ஜை வீட்டைவிட்டு அனுப்பக் கைக்காசு செலவாகும் என்றால் நம் ஊரில் சிரிப்பார்கள். அங்கேயும் எல்லோரும் மனமுவந்து கட்டிவிடவில்லை. இரவோடு இரவாக மலையோரங்களில் கொண்டுபோய்ப் போட்டவர்கள் உண்டு. ஆனாலும் அந்தச் சட்டத்தின் அடியில் இருக்கும் எண்ணம் நேர்மையானது. பதினைந்து வருடம் குளிர்ந்த தண்ணீர் குடித்தவர்தான் அதன் கடைசிச் செலவுக்கும் ஆள்.

இவ்வளவையும் சொல்லி, பழைய இரும்புக்காரரிடம் போடாதீர்கள் என்று முடித்துவிடுவது சுலபம். அது பாதி உண்மைதான். கொஞ்சம் மேட்டிமையும் கலந்தது. ஓடக்கூடிய பொருளை உடைக்க எந்தக் கடைக்காரரும் விரும்ப மாட்டார். தெர்மோஸ்டாட் மட்டும் போன பிரிட்ஜையும், பெல்ட் அறுந்த வாஷிங் மெஷினையும் சரிசெய்து இன்னொரு வீட்டுக்கு அனுப்புகிறவர்கள் இந்த வட்டாரத்து ஆட்கள்தான். புது பிரிட்ஜ் ஒன்று செய்யத் தேவைப்படும் இரும்பையும் மின்சாரத்தையும் நினைத்தால், பெரிய ஆலைகளைவிட இவர்கள் உலகத்துக்குச் செய்கிற உபகாரம் சில இடங்களில் அதிகம். ஐ.நா. அமைப்புகள் 2024-இல் வெளியிட்ட கணக்குப்படி, 2022-ஆம் ஆண்டில் உலகம் கழித்த மின்னணுக் குப்பை 6.2 கோடி டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 சதவீதம் மட்டுமே. மீதியில் ஒரு பகுதியைத் தலைச்சுமையாகவும் வண்டியிலும் தூக்கிப்போய் ஏதோ ஒரு விதத்தில் பிரித்தவர்களில் பெரும்பாலோர் ஏழைகள். அவர்கள் பிழைப்பைக் குற்றமாக்கிவிட்டு நம் கைகளைக் கழுவிக்கொள்வது நியாயம் ஆகாது.

அப்படியானால் விற்பவரின் தவறு என்று எதைச் சொல்வது? விற்றதை அல்ல. தனக்குத் தெரிந்ததை, அல்லது தெரிந்துகொள்ளத் தனக்கு மட்டுமே வசதி இருந்ததை, வாங்குகிறவருக்குச் சொல்லாமல் விட்டதை.

2010-இல் டெல்லி மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் நடந்தது இதன் மிகக் கொடிய உதாரணம். டெல்லிப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறையில் 1985 முதல் பயன்படாமல் கிடந்த காமா கதிர்வீச்சுக் கருவி ஒன்று, பழைய பொருள்களோடு ஏலத்தில் போனது. உள்ளே கோபால்ட்-60. மாயாபுரியில் ஈயக் கவசத்தை உடைத்துப் பிரித்தவர்களுக்கு அது இன்னொரு உலோகம்தான். பலர் நோயுற்றார்கள், ஒருவர் இறந்தார். அந்த இடத்தில் அறிவு யாரிடம் இருந்தது, ஆபத்து யாரிடம் போனது என்பதில் சந்தேகமே இல்லை. வீட்டு டிவி கோபால்ட் அல்ல, உண்மை. ஆனால் பழைய டியூப் டிவியின் புனல் போன்ற பின்பக்கக் கண்ணாடியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஈய ஆக்சைடு இருக்கிறது. அதன் கழுத்தை ஒடித்துக் காப்பர் காயிலை உருவிக்கொண்டு கண்ணாடியைக் குப்பைமேட்டில் எறிகிறார்கள். அந்த மேட்டில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். அளவுதான் வேறு; விற்றவர் வாய் திறக்காமல் இருந்தது ஒன்றேதான்.

வீட்டு வேலைக்கு வருபவரிடம் கொடுத்துவிடுவது இதைவிட நுட்பமான சங்கதி. எடைக்குப் போடுவதில் குறைந்தபட்சம் அது வியாபாரம் என்று இருவருக்கும் தெரியும். இது தானம் என்ற பெயரில் நடக்கிறது. "நல்லாத்தான் ஓடுது, வேணும்னா எடுத்துக்கோம்மா" என்று சம்பளம் கொடுப்பவர் சொல்லும்போது, வேண்டாம் என்று சொல்லும் சுதந்திரம் கேட்பவருக்கு எவ்வளவு இருக்கிறது? குட்டியானை வாடகை அவர் தலையில். கேஸ் நிரப்புகிற செலவு அவர் தலையில். மின்கட்டணமும்தான். 2016 முதல் தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசம். ஆனால் ஒரே மீட்டரில் ஐந்தாறு குடித்தனம் ஓடும் லைன் வீடுகளில், வீட்டுக்காரர் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொள்கிறார். அந்தச் சலுகை கதவுவரை வருவதே இல்லை. ரப்பர் பீடிங் விட்டுப்போய், ராப்பகலாக கம்ப்ரசர் ஓடும் பிரிட்ஜை அந்த வீட்டுக்கு அனுப்புவது மாதாமாதம் ஒரு தொகையைப் பிடித்துக்கொள்வதற்குச் சமம். தீபாவளிப் பணத்துக்குப் பதிலாக அதைக் கொடுத்துக் கணக்குத் தீர்க்கிறவர்களும் இருக்கிறார்கள். அது ஈகை அல்ல, போனஸில் பிடித்தம்.

கொடுக்கக் கூடாது என்பதில்லை. பீடிங்கை மாற்றி, மெக்கானிக்கைக் கூப்பிட்டு ஒருமுறை பார்த்து, வண்டி வாடகையும் தந்து, "எட்டு வருஷப் பழசு, கூலிங் மெதுவாத்தான் வரும், வேண்டாம்னாலும் ஒண்ணும் நினைக்க மாட்டேன்" என்று சொல்லிக் கொடுத்தால் அது கொடை. ரிப்பேர் செலவு கட்டுப்படியாகாது என்று ஒதுக்கிய பொருளை, தன்னைவிடக் குறைவாகச் சம்பாதிப்பவருக்குக் கட்டுப்படியாகும் என்று நினைப்பதில்தான் கோளாறு.

விற்கவும் மாட்டாமல், கொடுக்கவும் மாட்டாமல் மொட்டை மாடியில் போட்டுவைப்பவர்கள் மூன்றாவது ரகம். இவர்கள் யாருக்கும் கெடுதல் செய்யவில்லை என்று தோன்றும். ஆனால் உள்ளிருந்து திறக்க முடியாத கொண்டி வைத்த பழைய பிரிட்ஜ்களுக்குள் ஒளிந்து விளையாடிய குழந்தைகள் மூச்சுமுட்டி இறந்ததால்தான், கதவு உள்ளிருந்தும் திறக்க வேண்டும் என்று அமெரிக்கா 1956-இல் சட்டமே போட்டது. இப்போது காந்தப் பட்டை வந்துவிட்டது. ஆனாலும் மாடியில் கிடப்பதன் கதவைக் கழற்றிவைக்க ஒரு ஸ்குரூ டிரைவர் போதும்.

நம் பழக்கவழக்கங்கள் இதற்கெல்லாம் உதவவில்லை. போகியன்று கொளுத்தியது கிழிந்த பாய், துடைப்பம், இற்றுப்போன கயிறு. பானை உடைந்தால் மண்ணோடு மண். வாசலைத் தாண்டிய பொருளைப் பற்றி நினைக்கத் தேவையே இருந்ததில்லை. டயரும் பிளாஸ்டிக்கும் அதே தீயில் விழ ஆரம்பித்த பிறகு, போகிக் காலையில் சென்னையில் மூச்சுவிடத் திணறுவது ஒரு வழக்கமாகிவிட்டது.

சட்டமும் வீட்டுக்காரரை மெல்ல விட்டுவிட்டது. 2016-ஆம் ஆண்டு மின்னணுக் கழிவு விதிகளில் நுகர்வோரின் பொறுப்புகள் என்று ஒரு பகுதி இருந்தது. 2023 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கும் 2022 விதிகளில், அலுவலகம் போன்ற மொத்த நுகர்வோருக்குத்தான் பொறுப்பு. தனி வீட்டுக்கென்று பகுதி இல்லை. பாரம் முழுவதும் உற்பத்தியாளர் மேல். விற்ற அளவை வைத்துக் கணக்கிட்டு, 2023-24-க்கு 60 சதவீதத்தில் தொடங்கி 2027-28 முதல் 80 சதவீதம் வரை அவர்கள் மறுசுழற்சிக்குப் பொறுப்பேற்க வேண்டும். இது சரியான திசைதான். ஆனால் உற்பத்தியாளரின் பொறுப்பு வாடிக்கையாளரின் வாசலுக்கு வந்து கதவைத் தட்டுவதில்லை.

அரசே உற்பத்தியாளரின் இடத்தில் நின்ற கதையும் தமிழ்நாட்டில் உண்டு. 2006-இல் தொடங்கி ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு 14 அங்குலக் கலர் டிவி இலவசமாகப் போனது. அத்தனையும் டியூப் டிவி. 2011-இல் மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி. ஏழை வீட்டில் அம்மி அரைத்த கைகளுக்கு அவை எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைக் கேலி பேசியவர்கள் அறியமாட்டார்கள். ஆனால் டோக்கன் கொடுத்து, வரிசையில் நிறுத்தி, வார்டு வாரியாகக் கொடுக்க முடிந்த ஓர் அமைப்பு, அதே ரேஷன் கார்டை வைத்து, ஈயக் கண்ணாடியைத் திரும்ப வாங்கவும் முடிந்திருக்கும்.

பெரிய ஊர்க்காரர்கள் எக்ஸ்சேஞ்சில் கொடுக்கும்போது, இது எங்கே போகிறது, ரசீது உண்டா என்று கடையில் கேட்கலாம். பதில் சரியாக இருந்தால் ஐந்நூறு ரூபாய் குறைத்தும் வாங்கிக்கொள்ளலாம். உசிலம்பட்டிக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருப்பவருக்கு அந்த வழி இல்லை. அங்கீகாரம் பெற்ற ஆலை இருக்கும் ஊருக்கு வண்டி வைத்துப் பழைய பிரிட்ஜை அனுப்பச் சொன்னால், வாடகை பிரிட்ஜின் விலையைத் தாண்டிவிடும். அவரிடம் போய் அறம் பேசுவது அநியாயம். அந்த வண்டி வாடகையைக் கொடுக்க வேண்டியது, தீபாவளி விற்பனைக்கு அதே கிராமத்துக்குப் புது பிரிட்ஜை இலவச டெலிவரி செய்த கம்பெனி. வந்த வண்டி திரும்பும்போது காலியாகத்தான் போகிறது.