ஒளி யாருடையது?

வைரத்துக்குச் சொந்த ஒளி கிடையாது. வெளியிலிருந்து வரும் வெளிச்சத்தை உள்ளே வாங்கி, சிதறடித்து, நம் கண்ணுக்கே திருப்பி அனுப்புகிறது. அதை எவ்வளவு நன்றாகத் திருப்பும் என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது பட்டை தீட்டியவரின் கை. இணையத்தில் முதன்முறையாக வைரம் தேடும் பெண்ணுக்கு முதல் பாடம் இதுதான். கொஞ்சம் யோசித்தால் இது நகையைப் பற்றிய பாடமாக மட்டும் நிற்பதில்லை.

நாற்பத்திரண்டு வயதில், என் சம்பளத்தில், ஒரு ஜோடித் தோடு வாங்க விரும்பினேன். கடைக்குப் போகவில்லை. நான் பார்த்த கடைகளில் கல்லைப் பெண்ணிடம் காட்டுவார்கள். விலையைக் கூட வந்த ஆணிடம் சொல்வார்கள். வீட்டுக்கு வந்தபிறகு கல் 'ஒத்துக்கொள்ளுமா' என்று சில நாள் வைத்துப் பார்க்க வேண்டும். அவளுக்கு ஆகுமா என்பதோடு முடியாது, கணவனுக்கு ஆகுமா, குடும்பத்துக்கு ஆகுமா என்று நீளும். திரையின் முன் இந்தக் கூட்டம் இல்லை. ஆனால் எடுத்துச் சொல்லவும் ஆள் இல்லாததால், நாமே படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

படிக்க வேண்டியது அதிகமில்லை. எடை, நிறம், தெளிவு, வெட்டு என்று நான்கு அளவுகோல்கள். ஒரு காரட் என்பது 200 மில்லிகிராம். நிறம் 'டி' எழுத்தில் தொடங்கி 'இசட்' வரை இறங்கும். தோட்டில் பதித்த பிறகு 'ஜி', 'எச்' கல்லும் வெள்ளையாகவே தெரியும். தெளிவில் 'விஎஸ்2' என்றால் உள்ளிருக்கும் குறை பெரும்பாலும் வெறும் கண்ணுக்குத் தெரியாது. இவற்றில் மிச்சம் பிடித்து வெட்டில் செலவழிக்கலாம். கல் அளவுக்கு மீறி ஆழமாக இருந்தாலும் தட்டையாக இருந்தாலும் வெளிச்சம் அடிவழியே ஒழுகிவிடும். எந்தக் கோணத்தில் தீட்டினால் ஒளி மேலே திரும்பும் என்று மார்செல் டொல்கோவ்ஸ்கி 1919இல் கணக்கிட்டு எழுதினார். வட்டக் கல்லென்றால் சான்றிதழில் வெட்டு 'எக்ஸலண்ட்' என்று இருக்கட்டும். சான்றிதழ் எண்ணை ஆய்வகத்தின் தளத்தில் சரிபாருங்கள். சாதாரண வெளிச்சத்தில் எடுத்த காணொளி கேளுங்கள். திருப்பித் தரும் நிபந்தனையைப் பணம் கட்டும் முன்பே படியுங்கள்.

இவ்வளவு சொல்லும் அந்தத் தாள் ஒன்றைச் சொல்வதில்லை: தீட்டியது யார்? உலகின் வைரங்களில் பெரும்பகுதி சூரத்தில் பட்டை தீட்டப்படுகிறது. அங்கே பலருக்குக் கல் கணக்கில்தான் கூலி. 2003இல் நடைமுறைக்கு வந்த கிம்பர்லி ஏற்பாடு, கிளர்ச்சிப் படைகளின் போருக்குப் பணம் தரும் பட்டை தீட்டாத கற்களைத்தான் தடுக்கிறது. கூலி குறைவா, தூசி நுரையீரலுக்குள் போகிறதா என்பதெல்லாம் அதன் கணக்கில் வராது. ஆய்வகத்தில் வளர்த்த வைரம் சுரங்கத்தைத் தவிர்க்கிறது. அதுவும் அதே கரிமம், அதே ஜொலிப்பு, மிகக் குறைந்த விலை. ஆனால் அதையும் யாரோ குனிந்து உட்கார்ந்துதான் தீட்டுகிறார்கள்.

அப்படியானால் ஜொலிப்பை விரும்புவதே தவறா? நான் அப்படி நினைக்கவில்லை. பெண்ணின் ஆசையை மட்டும் குற்றக் கூண்டில் ஏற்றும் பழக்கம் நமக்கு ஏற்கெனவே போதுமான அளவு உண்டு. எனக்குச் சிக்கலாகப் படுவது, அந்த ஆசையின் மேல் மற்றவர்கள் ஏற்றிவைக்கும் பொருள். வைரம் நிரந்தரம் என்ற விளம்பர வாசகத்தை டி பியர்ஸ் நிறுவனத்துக்காக 1947இல் எழுதியவர் பிரான்சஸ் கெரட்டி. காதலுக்கு வைரத்தைச் சாட்சியாக்கிய அந்தப் பெண் கடைசிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை.

நம் ஊரில் வைரம் காதலின் சாட்சி என்பதைவிடப் பெண்ணுக்குப் போட்ட 'சொத்து' என்றே சொல்லப்படுகிறது. அந்தச் சொல்லை அடகுக் கடையில் சோதித்துப் பார்க்கலாம். நகைக்கடன் தருபவர்கள் கல்லின் எடையைக் கழித்துவிட்டுத் தங்கத்துக்கு மட்டும்தான் பணம் தருகிறார்கள். தங்கத்துக்குத் தினம் ஒரு விலை பத்திரிகையில் வருகிறது. வைரத்துக்கு அப்படி ஒரு பொது விலை இல்லை. விற்கப் போனால் வாங்கிய விலையில் பெரும்பகுதி காணாமல் போகும். நிலத்தை மகனுக்கு எழுதிவிட்டு மகளுக்கு வைரத்தோடு போட்ட வீட்டில், இந்தக் கணக்கை அவளுக்கு யார் சொன்னார்கள்? சீதன நகை பெண்ணுக்கே சொந்தம் என்று உச்ச நீதிமன்றம் 1985இல் பிரதிபா ராணி வழக்கில் சொன்னது. ஆனால் பில் யார் பெயரில் இருக்கிறது, லாக்கர் சாவி யாரிடம் இருக்கிறது என்பதை அவரவர் வீட்டில் பார்த்தால்தான் தெரியும்.

நான் ஆய்வகக் கற்கள் இரண்டைத் தேர்ந்தெடுத்தேன். ஒவ்வொன்றும் கால் காரட். சேமிப்பு என்று நினைத்து வாங்கவில்லை. யாருடைய அன்பையும் அதில் தேடவில்லை. அழகாக இருந்தது, என்னால் முடிந்தது, வாங்கினேன். சேமிப்புக்கான பணம் வங்கியில், என் பெயரில் தனியாக இருக்கிறது. பில்லையும் சான்றிதழையும் அந்தப் பாஸ்புத்தகத்தோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.