கையேந்தாதே, கணக்குப் பேசு!

கார் பந்தயத்துக்குப் பணம் கேட்டு ஒரு நிறுவனத்தின் மார்க்கெட்டிங் மேனேஜருக்கு நீ எழுதிய கடிதத்தை எடுத்து இன்னொரு தடவை படி, தம்பி. சின்ன வயதிலிருந்தே ரேஸ் என்றால் உயிர். நடுத்தரக் குடும்பம். நாட்டுக்குப் பெருமை சேர்க்க ஆசை. தங்கள் மேலான ஆதரவை நாடுகிறேன். நான்கு பத்தி இருக்கிறது, நான்கிலும் நீதான் இருக்கிறாய். பணம் போடப்போகிறவன் எங்கே? அவன் விற்கும் பொருள் எங்கே? அதை வாங்கப்போகிற ஆள் எங்கே? பதிலே வரவில்லை என்று குமுறுகிறாயே, எப்படி வரும்? நீ ஸ்பான்சர் கேட்கவில்லை, தர்மம் கேட்டிருக்கிறாய்.

கோபம் வருகிறதா? வரட்டும். அந்தக் கோபத்தோடு ஒருவனுடைய கதையைக் கேள்.

ஆலன் குல்விக்கி. அமெரிக்காவின் வடக்கே விஸ்கான்சின் மாநிலத்துக்காரன், மெக்கானிக்கல் என்ஜினீயரிங் படித்தவன். அவன் நுழைய நினைத்த நாஸ்கார் பந்தயமோ தென்மாநிலத்தவரின் கோட்டை. தாத்தா, அப்பா, பிள்ளை என்று பரம்பரையாக ஓட்டும் குடும்பங்கள், அவர்களுக்குப் பின்னால் வருஷக்கணக்காக நிற்கும் கம்பெனிகள். இவனுக்கு அங்கே ஒரு நாதியும் கிடையாது. 1980-களின் நடுவில் கையிலிருந்ததில் பெரும்பகுதியை விற்றுவிட்டு, சுமார் ஆயிரம் மைல் தள்ளியிருக்கும் சார்லட் நகருக்குக் கிளம்பினான். கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது மின்கசிவில் தீப்பிடித்து, சாமான் ஏற்றும் வண்டி எரிந்துபோனது. நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? சகுனம் சரியில்லை என்று வீட்டிலேயே இருந்திருப்பாய். அவன் இரவல் வண்டி ஒன்றைப் பிடித்து டிரெய்லரை மாட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தான்.

போனவன் என்ன செய்தான் தெரியுமா? ஒரு டீமின் பட்டறை வாசலில் சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றான். பந்தய மைதானத்தில் கையில் பிரீஃப்கேஸோடு நடமாடினான். கிரீஸ் படிந்த கைகளோடு வேலை பார்த்தவர்கள் சிரித்திருப்பார்கள். சிரிக்கட்டுமே! தான் தொழில் பேச வந்தவன் என்பதை அந்தப் பெட்டியிலேயே சொல்லிவிட்டான். 1986-இல் ஒரே கார், இரண்டு எஞ்சின், முழுநேர ஆட்கள் இரண்டே பேர். இதை வைத்துக்கொண்டு அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம் என்ற விருதைத் தட்டினான்.

இனிதான் நீ உட்கார்ந்து கேட்க வேண்டிய கட்டம். ஜூனியர் ஜான்சன் என்றால் நாஸ்காரில் ஜாம்பவான். அவர் குல்விக்கியைக் கூப்பிட்டு, என் டீமுக்கு ஓட்ட வா, பத்து லட்சம் டாலர் என்றார். இவன் மறுத்தான். என் காரை நானே கட்டி, நானே ஓட்டுவேன் என்றான். மாக்ஸ்வெல் ஹவுஸ் என்ற காப்பித்தூள் கம்பெனியின் ஸ்பான்சர் பணம் வரும் என்று நம்பியிருந்தான். அந்தக் கம்பெனி நேராக ஜூனியர் ஜான்சனிடமே போய்ச் சேர்ந்தது. பத்து லட்சமும் போச்சு, காப்பியும் போச்சு. 1991 பந்தய ஆண்டு தொடங்கியபோது அவனுக்கு நிரந்தர ஸ்பான்சர் யாரும் இல்லை.

பெயர் எதுவும் எழுதாத வெள்ளைக் காரோடு, சொந்தக் காசைப் போட்டு ஓட்டினான். யாரும் பணம் தரவில்லை என்று காரை ஷெட்டில் பூட்டிவிட்டு, திறமைக்கு மதிப்பில்லாத உலகம் என்று பேட்டி கொடுக்கவில்லை. மார்ச் மாதம் அட்லாண்டாவுக்குப் போனான். தகுதிச் சுற்றில் எல்லோரையும்விட வேகமாக ஓட்டி, வரிசையில் முதல் இடத்தைப் பிடித்தான். ஹூட்டர்ஸ் என்ற உணவகக் கம்பெனிக்கு அப்போது அட்லாண்டாதான் தலைமையகம். அவர்கள் பணம் போட்டிருந்த கார் அந்தப் பந்தயத்துக்குத் தகுதி பெறாமல் போனது. உள்ளூரில் பெயர் தெரிய வேண்டும், ஓட்டக் கார் இல்லை. பார்த்தால் முதல் வரிசையில் ஒரு வெள்ளைக் கார்! ஒரே ஒரு பந்தயத்துக்கு என்று பேசினார்கள். அதுதான் நீண்டகால ஒப்பந்தமானது.

அதிர்ஷ்டம் என்கிறாயா? இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் கார் அன்றைக்கு முப்பதாவது இடத்தில் நின்றிருந்தால் அதிர்ஷ்டம் யார் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கும்?

மறுவருஷம், 1992. இன்னும் ஆறு பந்தயம் பாக்கி. டோவரில் விபத்து, 34-ஆம் இடம், முன்னிலையில் இருந்தவரைவிட 278 புள்ளி பின்தங்கிவிட்டான். கதை முடிந்தது என்று எல்லோரும் கையைக் கழுவினார்கள். கடைசிப் பந்தயம் மறுபடி அட்லாண்டா. எதிரே பில் எலியட், அதே ஜூனியர் ஜான்சனின் ஓட்டுநர். குல்விக்கியின் காரில் முதல் கியர் போய்விட்டது. பந்தயத்தை ஜெயித்தது எலியட்தான், இவன் இரண்டாவது. ஆனால் அதிக லேப் முன்னிலையில் ஓடியவருக்கு 5 புள்ளி கூடுதல் என்பது அன்றைய விதி. குல்விக்கியின் டீம் எத்தனை லேப் முன்னிலை வேண்டும் என்று பிட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டது. இவன் முன்னிலையில் ஓடியது 103 லேப், எலியட் 102. அந்த 5 புள்ளி எலியட் பக்கம் போயிருந்தால் இருவரும் சமம். அதிக வெற்றி பெற்ற எலியட்டுக்கே கோப்பை போயிருக்கும். 10 புள்ளி வித்தியாசத்தில் குல்விக்கி சாம்பியன். பத்து லட்சத்தை வேண்டாம் என்றவன், அந்தப் பத்து லட்சத்துக்காரரின் காரையே தோற்கடித்தான்! அடுத்த ஏப்ரலில் விமான விபத்தில் இறந்துபோனான் என்பது வயிற்றெரிச்சல். ஆனால் அந்தக் கோப்பையை எந்த விபத்தும் பிடுங்க முடியாது.

நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயனை மட்டும் பணம் விட்டு வைத்ததா? 2004-க்கு மினார்டி என்ற ஃபார்முலா ஒன் அணியில் வந்த வாய்ப்பு, தேவையான தொகையைத் திரட்ட முடியாமல் கைநழுவியது. மூலையில் உட்காராமல் வேர்ல்டு சீரிஸ் பந்தயங்களில் ஓட்டிக்கொண்டே இருந்தார். 2005-இல் டாடாவின் ஆதரவோடு ஜோர்டான் காரில் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநரானார். அந்த வருஷம் இண்டியானாபொலிஸில் நான்காம் இடம், 5 புள்ளி. டயர் பிரச்சினையில் மற்ற அணிகள் விலகி ஆறே கார் ஓடிய பந்தயம்தானே என்று இன்றைக்கும் உதட்டைப் பிதுக்குகிறவர்கள் உண்டு. ஓடிய ஆறில் ஒன்றாக நிற்க எத்தனை வருஷம் ஆனது என்று அவர்களைக் கேள்.

பணம் மட்டும் இருந்தால் போதும் என்று எண்ணுகிறாயா? ஃபார்முலா ஒன் ஓட்டுநர் பாஸ்டர் மால்டொனாடோவைப் பார். அவருடைய நாடான வெனிசுவேலாவின் அரசு எண்ணெய் நிறுவனம் அள்ளிக் கொடுத்தது. திறமை இல்லாதவர் என்று சொல்ல முடியாது, 2012-இல் ஸ்பெயின் கிராண்ட் பிரீயை ஜெயித்தவர். 2016 தொடக்கத்தில் அந்தப் பணத்தில் சிக்கல் வந்தது, சீட்டும் சேர்ந்தே போனது. இன்னொருவன் கஜானாவை நம்பிக் கட்டிய இடம் அப்படித்தான். நம்மூரில் அப்பாவின் கம்பெனிப் பெயரை அப்பாவின் பணத்தில் காரில் ஒட்டிக்கொண்டு, ஸ்பான்சர் கிடைத்துவிட்டது என்று போஸ்டர் அடிப்பவர்களையும் பார்க்கிறோம். அதைப் பார்த்துப் பொறாமைப்பட்டு உன் நேரத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. முன்பணம் கட்டினால் பெரிய கம்பெனியைப் பிடித்துத் தருகிறேன் என்று வரும் தரகரை மட்டும் வாசலோடு அனுப்பு. நிஜ ஸ்பான்சர் உன்னிடம் பணம் கேட்கமாட்டான்.

இப்போது அந்தக் கடிதத்தைக் கிழி. புதிதாக எழுது. முதல் பக்கத்தில் உன் பெயர் வேண்டாம், அவர்கள் பொருளின் பெயர் இருக்கட்டும். அது எந்த ஊரில் விற்கிறது, எங்கே விற்கவில்லை என்று விசாரி. அவர்களுடைய டீலர்கள் இருபது பேரைப் பந்தயத்தன்று ட்ராக்குக்கு அழைத்து வந்து, பிட்டுக்குள் கூட்டிப்போய், கார் பக்கத்தில் நிற்கவைத்துப் படம் எடுத்துக் கொடுப்பேன் என்று எழுது. எந்தத் தேதி, எந்த ட்ராக், எவ்வளவு தொகை, அதில் டயருக்கு எவ்வளவு, எஞ்சினுக்கு எவ்வளவு என்று பைசா சுத்தமாகப் போடு. பந்தயம் முடிந்த வாரமே, தோற்றிருந்தாலும், நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்புவேன் என்று சொல். சொன்னபடி அனுப்பு. பெரிய கம்பெனி வாசலிலேயே தவம் கிடக்காதே. உன் ஊர் பேட்டரிக் கடைக்காரரும் எஞ்சின் ஆயில் டீலரும் உன்னை நேரில் பார்த்தவர்கள், அங்கே தொடங்கு. அவர்கள் இல்லை என்று சொன்னால், என்ன இருந்திருந்தால் ஆம் என்றிருப்பீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு, அடுத்த கடை ஏறு. சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போ.