யாருடைய சம்பளத்திலிருந்து கழிப்பது?

மகள் பன்னிரண்டாம் வகுப்பில் சேர்ந்த இரண்டாவது வாரம், என் கணவர் சாப்பாட்டு மேசையில் ஒரு தாளை வைத்துக் கணக்குப் போட்டார். எனக்கு 46 வயது. திருச்சியில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. பிடித்தம் போகக் கைக்கு வருவது 31,000 ரூபாய். அதற்கு முந்தைய மாதம்தான் அத்தை குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்திருந்தார்.

தாளின் உச்சியில் என் சம்பளம். அதற்குக் கீழே சமையலுக்கும் வீட்டு வேலைக்கும் வரும் அக்காவுக்கு 6,000. அத்தையைப் பகலில் பார்த்துக்கொள்ள ஆள் வைத்தால் 12,000. நான் வேலைக்குப் போய்வர, வெளியில் சாப்பிட, உடுத்த என்று 4,500. எல்லாம் கழித்து 8,500 என்று எழுதிச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.

அவர் கத்துகிற ஆள் இல்லை. அன்றும் மெதுவாகத்தான் சொன்னார். “யோசிச்சுப் பாரு. 8,500 ரூபாய்க்காகக் காலையில எட்டு மணிக்கு ஓடி ராத்திரி ஏழு மணிக்கு வர்றே. நீ வீட்டுல இருந்தா பாப்பாவுக்கும் நல்லது, அம்மாவுக்கும் நல்லது. உனக்கும் ரெஸ்ட்.”

உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் ஆசை வந்தது. மகள் இன்னும் ஒரு வருடம்தான் இந்த வீட்டில் இருப்பாள். அதன்பின் ஏதோ ஓர் ஊரில் விடுதி. அவள் சாயங்காலம் பள்ளியிலிருந்து வரும்போது கதவைத் திறக்கிற கை என்னுடையதாக இருந்ததே இல்லை. பெண்ணியம் படித்தவள் என்பதால் அந்த ஏக்கம் எனக்கு வராமல் போய்விடுமா?

கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறவளுக்கே அந்தத் தாளில் இருந்த பிழை மூன்றாம் நாள்தான் கண்ணில் பட்டது. கூட்டல் கழித்தல் எல்லாம் சரி. ஆனால் செலவு முழுவதும் என் சம்பளத்திலிருந்தே கழிக்கப்பட்டிருந்தது. சமையலுக்கு வரும் அக்கா எனக்கு மட்டுமா சமைக்கிறார்? அத்தை அவருடைய அம்மா. அவருடைய சம்பளம் 62,000. இரண்டு பங்கு அவர், ஒரு பங்கு நான் என்று பிரித்தால், அந்த 18,000-இல் என் பங்கு 6,000-தான். என் சொந்தச் செலவு 4,500 போனால் எனக்கு மிஞ்சுவது 20,500. ஒரே வீடு, ஒரே செலவு. யார் பெயருக்குக் கீழே எழுதுகிறோம் என்பதில் விடை மாறிவிடுகிறது.

வேலையை விடலாமா என்று யோசிக்கும் தோழிகள் எல்லோரும் இதே தாளைத்தான் வைத்திருக்கிறார்கள். சிலர் எழுதி, பலர் மனதில். ஆண் வேலைக்குப் போனால் வீடு தானாக நடக்கும், அதற்குச் செலவில்லை. பெண் வேலைக்குப் போனால் வீடு நடக்கச் செலவாகும், அதை அவள் கட்ட வேண்டும். அவள் இல்லாத இடத்தை நிரப்ப ஆகும் கூலியாக அது பார்க்கப்படுகிறது. அவர் இல்லாத இடம் என்று ஒன்று இருப்பதாகவே யாரும் நினைப்பதில்லை.

இன்னொன்றும் அந்தத் தாளில் இல்லை. என் பி.எஃப். நானும் நிறுவனமும் சேர்ந்து மாதம் 3,600 கட்டுகிறோம். ஓய்வு வயதான 58-க்கு இன்னும் 12 ஆண்டுகள் இருக்கின்றன. பென்ஷன் பங்கையும் சேர்த்தால், வட்டி இல்லாமலே அது ஐந்து லட்சத்தைத் தாண்டும். அதைவிட முக்கியமானது வேறு. அந்தத் திட்டத்தில் மாத ஓய்வூதியம் பெறப் பத்து ஆண்டு சேவை வேண்டும். மகள் பிறந்தபோது முதல் வேலையை விட்டேன். அந்த பி.எஃப். பணத்தை எடுத்து வீட்டுக் கடனுக்குக் கட்டினோம். மீண்டும் சேர்ந்தது 37 வயதில். இப்போது என் சேவை ஒன்பது ஆண்டு இரண்டு மாதம். இன்று விட்டு, வேறெங்கும் சேராமல் போனால், ஓய்வூதியம் என்ற சொல் என் வாழ்க்கையில் இருக்காது.

“ஒரு வருஷம்தானே, அப்புறம் திரும்பப் போகலாம்” என்றார் கணவர். என் தங்கை நினைவுக்கு வந்தாள். 31 வயதில் இரட்டைக் குழந்தைகளுக்காக வேலையை விட்டாள். 44-இல் மறுபடி தேடியபோது, நேர்காணலில் முதல் கேள்வியே “இந்தப் பதிமூன்று வருஷம் என்ன செஞ்சீங்க?” என்பதுதானாம். “சும்மா வீட்டுல இருந்தேன்” என்று தன் வாயாலேயே சொல்லிவிட்டு வந்ததாகச் சொல்லி அழுதாள். வேலை கிடைக்காததைவிட அந்தச் சொல்தான் அவளை அறுத்தது.

‘சும்மா இருத்தல்’ நம் மொழியில் சாதாரணச் சொல் இல்லை. தாயுமானவர் அதை அடைதற்கரிய நிலையாகப் பாடினார். வீட்டையும் உறவையும் துறந்தவர்கள் தவம் கிடந்து தேடிய நிலை அது. அதே சொல்லை, விடிகாலை ஐந்து மணியிலிருந்து உட்காராத பெண்ணுக்கு எவ்வளவு எளிதாகக் கொடுத்துவிட்டோம்! அவளும் வாங்கிக்கொள்கிறாள்.

நாடும் இப்படித்தான் எழுதி வைத்திருந்தது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இல்லத்தரசிகளைப் பிச்சைக்காரர்கள், சிறைக்கைதிகள் ஆகியோருடன் சேர்த்து உழைக்காதோர் பட்டியலில் வைத்திருந்ததை, 2010-இல் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. 2024-ஆம் ஆண்டுக்கான நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்போ, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 289 நிமிடமும் ஆண்கள் 88 நிமிடமும் செலவிடுவதாகச் சொல்கிறது. கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் ‘சும்மா’ இருக்கிறோம்.

ஆகவே வேலைக்குப் போவதுதான் விடுதலை என்று முடித்துவிடலாமா? என்னால் முடியவில்லை. காரணம் எங்கள் வீட்டுக்கு வரும் அக்கா. என்னைவிட ஆறு வயது மூத்தவர். நான் அவரை ‘அக்கா’ என்கிறேன், அவர் என்னை ‘அம்மா’ என்கிறார். மூன்று வீடுகளில் வேலை முடித்துவிட்டு, காலில் அடிபட்டுப் படுத்திருக்கும் தன் தாய்க்குச் சோறு கொடுக்க மதியம் ஓடுகிறார். நான் மேசையில் உட்கார்ந்து மேற்கொண்ட தர்மசங்கடம் அவருக்கு வாய்க்கவே இல்லை. வேலையா வீடா என்று அவரை யாரும் கேட்டதில்லை. வசதியுள்ள வெள்ளைப் பெண்கள் வீட்டைவிட்டு வெளியேறினால் அவர்கள் விட்டுச்செல்லும் வேலையை யார் செய்வது என்று பெல் ஹூக்ஸ் 1984-இல் கேட்டார். நிறத்தின் இடத்தில் சாதியையும் வர்க்கத்தையும் வைத்தால் அது நம் வீட்டுக் கேள்வி. என் சுதந்திரத்தின் விலை மாதம் 6,000 என்றால், அந்த விலையை நிர்ணயித்தவள் நானும்தான்.

வீட்டு வேலைக்குக் கூலி கேட்கும் இயக்கம் 1972-இல் இத்தாலியில் தொடங்கியது. கூலி கொடுத்தால் பெண் அந்த வேலையோடு இன்னும் இறுக்கமாகக் கட்டப்படுவாள், வேலையைச் சமூகம் பகிர வேண்டும் என்று ஆஞ்சலா டேவிஸ் 1981-இல் மறுத்தார். இரண்டையும் படிக்கும்போது எனக்கு நம் ஊர் நினைவு வரும். 2023 செப்டம்பர் 15-இல் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாய். நாளுக்கு 33 ரூபாய். தொகை சிறிது. ஆனால் உதவி என்று சொல்லாமல் ‘உரிமை’ என்று பெயர் வைத்தது சிறிதல்ல. அதே 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், கணவர் சவூதியில் சம்பாதித்து அனுப்பிய பணத்தில் வாங்கிய சொத்தில், வீட்டைக் கவனித்துக்கொண்ட மனைவிக்கும் சம பங்கு உண்டு என்றது. அவள் வீட்டைப் பார்த்ததால்தான் அவரால் சம்பாதிக்க முடிந்தது என்பது அதன் நியாயம். என் கணவரின் தாளைத் தலைகீழாகத் திருப்பிய தீர்ப்பு அது.

கும்பகோணத்தில் எனக்கொரு தோழி. ஆட்டிசம் உள்ள மகனுக்காக 43 வயதில் ஆசிரியை வேலையை விட்டாள். விடுவதற்கு முன்னால் மூன்று விஷயம் கேட்டு வாங்கினாள்: வீட்டுப் பத்திரத்தில் அவள் பெயர், மாதாமாதம் அவள் பெயரில் சேமிப்பு, வாரத்தில் ஒரு நாள் மகனை முழுக்க அப்பா பார்ப்பது. “பாசத்துல பேரம் பேசுறியே” என்று சொந்தங்கள் முகம் சுளித்தன. “பாசத்தை நான் பேரம் பேசலை. என் கிழட்டு வயசைப் பத்தித்தான் பேசுறேன்” என்றாளாம். அவள் வீட்டில்தான் இருக்கிறாள். அவளைத் தோற்றவள் என்று சொல்ல எந்தப் பெண்ணியத்துக்கும் உரிமை இல்லை.

அவளையும் தங்கையையும் அருகருகே வைத்துப் பார்த்தபோதுதான் எனக்குக் கேள்வி தெளிந்தது. இருவரும் செய்தது ஒன்றுதான். பிள்ளைக்காக வேலையை விட்டார்கள். ஒருத்தி தேர்ந்தெடுத்தாள், இன்னொருத்தி வழுக்கிப் போனாள். தவறாகப் போனால் அதன் நஷ்டம் யார் தலையில் விழும், திரும்பிவர வழி இருக்கிறதா என்ற இரண்டு கேள்விகளுக்கு விடை இருந்தால்தான் அது தேர்வு. இல்லாவிட்டால் அதற்குத் தியாகம் என்று பெயர் சூட்டி நாமே நம்மை ஏமாற்றிக்கொள்கிறோம்.

தியாகத்தைப் பற்றி என் மகளும் ஒன்று சொன்னாள். அவளிடம் கேட்டிருந்தேன். தட்டிலிருந்து தலை நிமிராமல் சொன்னாள்: “எனக்காக விடாதம்மா. விட்டா நான் வாங்குற ஒவ்வொரு மார்க்கும் உனக்குக் கட்டுற வட்டி மாதிரி ஆயிடும்.” பதினேழு வயதுக்கு அது தெரிந்திருக்கிறது. கேட்காமல் கொடுத்த கடனைத்தான் பிள்ளைகளால் அடைக்கவே முடிவதில்லை. ஆனால் இரவில் படித்து முடித்து என் அருகில் வந்து படுத்துக்கொண்டு, “சாயங்காலம் நீ இருந்தா நல்லாத்தான் இருக்கும்” என்றும் அவள்தான் சொன்னாள். இரண்டுமே உண்மை.

நான் வேலையை விடவில்லை. தாளைத் திருத்தி மேசையில் வைத்தேன். கணவர் வெகுநேரம் பார்த்தார். “இப்படி யோசிக்கலை” என்று மட்டும் சொன்னார். அது மன்னிப்பும் இல்லை, சண்டையும் இல்லை. அத்தைக்குப் பகல்நேர ஆள் வந்தார். வீட்டுக்கு வரும் அக்காவுக்குச் சம்பளத்தை உயர்த்தி, ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கொடுத்தோம். மருத்துவமனைக்குக் கூட்டிப்போவது, மாத்திரை, காலைப் பயிற்சி மூன்றும் அவருடைய பொறுப்பு. வாரத்தில் இரண்டு நாள் நான் ஐந்து மணிக்கே கிளம்ப அலுவலகத்தில் அனுமதி கேட்டேன். கிடைத்தது, அந்த ஆண்டின் ஊதிய உயர்வை இழந்து.

அத்தைக்கு இதில் வருத்தம். “ஆள் நல்லாத்தான் பாத்துக்குது. இருந்தாலும் நீ பக்கத்துல இருந்தா வேற மாதிரி” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அவர் கேட்டது நியாயம். இருபது வருடம் இந்த வீட்டைத் தன் முதுகில் சுமந்தவர், வலிக்கும்போது ஒரு தெரிந்த கையைக் கேட்கிறார். அந்தக் கை என்னுடையதாக மட்டுமே இருக்க வேண்டும் என்பதைத்தான் நான் மறுத்தேன். மறுத்த பிறகு நிம்மதியாகத் தூங்கினேன் என்று எழுதினால் அது பொய்.

ஆகஸ்டில் அத்தையின் பரிசோதனைக்காகக் கணவர் முதல்முறையாக அரைநாள் விடுப்பு கேட்டார். அவருடைய மேலாளர் கேட்டாராம், “ஏன் சார், வீட்டுல யாரும் இல்லையா?” அன்று இரவு அதை என்னிடம் சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: “நான் இருக்கேனே, நான் யாரு?”