குயவன் வீட்டுக் கழுதை

பிராசஸர் சூடாகிறது என்று பழைய விசிறியைக் கழற்றிவிட்டுப் புதிய கூலரைப் பொருத்துகிறார்கள். சித்திரை வெயிலில், களத்துத் தூசி அப்பிய தஞ்சாவூர்ப் பக்கத்துக் கம்ப்யூட்டருக்கு இது வீண் செலவு அல்ல. பொருத்தி முடித்துப் பொத்தானை அழுத்தினால் திரை கருப்பாகவே கிடக்கிறது. உடனே வாயில் வருவது 'கூலர் சரியில்லை' என்பதுதான். காலையில் ஓடியது; நடுவில் மாறியது இது ஒன்றுதான்; ஆகவே இதுதான் காரணம். இந்த 'ஆகவே' எங்கிருந்து வந்தது? நியாய சாத்திரம் எண்ணுகிற பதினாறு பொருள்களில் ஐயம் மூன்றாவது, முடிவு ஒன்பதாவது. இடையில் எடுத்துக்காட்டு, தர்க்கம் என்று ஐந்து இருக்கின்றன. சுவிட்சை அழுத்திய கை அந்த ஐந்தையும் ஒரே மூச்சில் தாண்டிவிடுகிறது. புதிதாக வந்ததைச் சந்தேகிக்கலாம், சந்தேகிக்கவும் வேண்டும். ஆனால் சந்தேகத்துக்குத் தீர்ப்பின் உடையை உடுத்துவது அறிவுக் குறை மட்டுமல்ல, அறக் குறையும்கூட என்பது என் கட்சி.

முதலில், 'மாறியது இது ஒன்றுதான்' என்பதே உண்மையில்லை. கூலரை மாற்ற வந்த கை வேறு பலவற்றையும் தொட்டிருக்கிறது. இடம் போதாமல் மதர்போர்டின் மூலையில் பிராசஸருக்கு மின்சாரம் தரும் எட்டு முனைக் கேபிளைப் பிடுங்கியிருக்கும். திரும்பச் செருக மறந்தால் விசிறிகள் சுற்றும், திரையில் ஒன்றும் வராது. ராம் கார்டைக் கழற்றி மாட்டியபோது 'டக்' என்று உட்காராமல் போயிருக்கும். பெட்டியின் முன்பக்கப் பொத்தானிலிருந்து வரும் மெல்லிய ஒயர் கழன்றிருக்கும். பழைய பசை காய்ந்து ஒட்டிப்போய், ஏஎம்4 வகைப் பிராசஸர் பழைய கூலரோடு சேர்ந்தே பிடுங்கிக்கொண்டு வந்து, அதன் ஊசிக்கால் ஒன்று வளைந்திருக்கும். இவற்றில் எதுவும் கூலரின் குற்றமல்ல. பானை உண்டாவதற்குக் காரணம் எது என்று ஆராய்ந்த நியாயவாதிகள் மண் சுமந்து வந்த கழுதையைக் காரணப் பட்டியலிலிருந்து தள்ளினார்கள். பானைக்கு முன்னால் கழுதை இருந்தது மெய்தான். ஆனால் வண்டியில் வந்த மண்ணிலும் பானை வனையலாம். முன்னால் இருப்பது வேறு, இல்லாமல் முடியாதது வேறு. (கழுதை சில சமயம் பானையை உதைக்கவும் செய்யும்: திருகுகளை ஒரு பக்கம் மட்டும் இறுக்கினால் கூலரின் அழுத்தம் சாக்கெட்டில் கோணலாக விழுந்து, ராமின் ஒரு வரிசை தெரியாமல் போவதுண்டு. அதனால்தான் சந்தேகம் வேண்டும் என்றேன்.)

விளைவைக் கண்டு காரணத்தை ஊகிப்பதில் உள்ள ஆபத்து காவிரிக்கரைக்குப் புதிதல்ல. புகாரில் கதை தொடங்கும் மணிமேகலையில், வஞ்சி நகரத்து அளவைவாதி கருதல் அளவையின் வகைகளை விளக்குகிறார். ஆற்றில் வெள்ளத்தைக் கண்டு மேலே மழை பெய்திருக்கிறது என்று சொல்வது அவற்றில் ஒன்று. அந்தக் காலத்துக்கு அது பழுதில்லாத ஊகம். 1934இல் மேட்டூர் அணை வந்தது. இன்று திருவையாற்றுப் படித்துறையில் நுங்கும் நுரையுமாகத் தண்ணீர் வந்தால், குடகில் மழை என்றும் சொல்லலாம். குறுவைக்கு ஜூன் 12 என்ற வழக்கப்படி மதகு திறந்தார்கள் என்றும் சொல்லலாம். ஊகத்தின் விதி மாறவில்லை. மழைக்கும் வெள்ளத்துக்கும் நடுவே ஒரு மதகும் அதை இயக்குகிற கையும் வந்துவிட்டன. கூலருக்கும் கருப்புத் திரைக்கும் நடுவிலும் இப்படி எத்தனையோ மதகுகள்.

பழுது பார்ப்பவர்கள் இதை மறுப்பார்கள். கடைசியாகத் தொட்டதையே முதலில் பார் என்பது அவர்கள் தொழிலின் பாலபாடம், பெரும்பாலும் பலிக்கவும் செய்கிறது. மறுக்கவில்லை. விசாரணையை அங்கே தொடங்குவது சரி, அங்கேயே முடிப்பதுதான் பிழை. பழைய கூலரைத் திரும்ப மாட்டினேன், ஓடியது, இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்பார்கள். ஆனால் திரும்ப மாட்டும்போது ராமையும் அழுத்தினீர்கள், கேபிளையும் செருகினீர்கள். ஒன்றை மட்டும் மாற்றி மற்றதை அசையாமல் வைத்தால்தான் அது சோதனை. இருந்தால் விளைகிறது, இல்லாவிட்டால் விளைவதில்லை என்ற இரண்டு பக்கமும் அப்போதுதான் தெரியும். பொறுமையும் சோதனையின் பகுதிதான். டிடிஆர்5 ராம் உள்ள சில பெட்டிகள் மின்சாரம் முழுதும் துண்டிக்கப்பட்டு மீண்டும் எழும்போது, நினைவகத்தைச் சரிபார்த்துக்கொண்டு சில நிமிடம் திரையைக் கருப்பாகவே வைத்திருக்கும். அதற்குள் மறுபடி கழற்றுகிறவர் இல்லாத நோய்க்கு வைத்தியம் செய்கிறார். இன்னொன்று: மாதக்கணக்கில் அணைக்காமலே ஓடிய பெட்டியின் பவர் சப்ளை உள்ளுக்குள் நலிந்திருந்து, ஒருமுறை ஆறியதும் எழ முடியாமல் போகலாம். அன்று எதற்காக அணைத்திருந்தாலும் அதே கதைதான்.

எல்லாம் வினைப்பயன், அல்லது ராகு காலத்தில் பெட்டியைத் திறந்த பலன் என்று சொல்பவர்களுக்கு வேறு பதில் வேண்டும். ஆயுத பூசைக்குக் கம்ப்யூட்டருக்கும் சந்தனம் குங்குமம் வைக்கிற ஊரில் இதைச் சிரித்துத் தள்ள முடியாது, தள்ளவும் வேண்டாம். ஆனால் வினையை முழுமனதோடு நம்புகிற சைவ சித்தாந்தமே, வினை சடம், தானாக வந்து பயன் ஊட்டாது என்கிறது. குடத்துக்கு மண் முதற்காரணம், திரிகை துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என்று அது மூன்றாகப் பிரிக்கிறது. வினை உண்டு என்று ஒப்புக்கொண்டாலும், அது கழன்ற கேபிள் வழியாக வந்ததா, வளைந்த ஊசி வழியாகவா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. வினை என்ற பதில் எல்லா நிகழ்ச்சிக்கும் பொருந்துவதாலேயே, இந்த நிகழ்ச்சியைப் பற்றி எதையும் சொல்வதில்லை.

இயந்திரத்தில் இந்தப் பிழைக்கு விலை சில ஆயிரம் ரூபாய், கூலர் கோபித்துக்கொள்ளாது. வீட்டில் அப்படியல்ல. கல்யாணமான மாதத்தில் மாமனார் படுத்துவிட்டார், அல்லது சம்பா மூழ்கிப்போயிற்று: 'அவள் காலடி வைத்த நேரம்.' வாதத்தின் எலும்புக்கூடு அதேதான்: முன்பு நன்றாக இருந்தது, புதிதாக வந்தது இவள், ஆகவே இவள். அனுபவத்தில் கண்டது என்பார்கள். மருமகள் வந்தும் ஒன்றும் நேராத வீடுகளையும், யாரும் வராமலே மூழ்கிய வயல்களையும் அந்த அனுபவம் கணக்கில் எடுப்பதில்லை. அவளைக் கழற்றிப் பழையபடி பொருத்திப் பார்க்கவும் முடியாது. சோதிக்க வழியில்லாத இடத்தில் சந்தேகம் வாய்க்குள்ளேயே நின்றிருக்க வேண்டும்; நம் ஊரிலோ அங்கேதான் அது உரக்கப் பேசுகிறது.

புகாரிலிருந்து மதுரைக்குப் போன கோவலனின் வழக்கும் இதுதான். அரசியின் சிலம்பு காணவில்லை. ஊருக்குப் புதியவன் ஒருவன் சிலம்போடு வருகிறான். காட்டிக் கொடுத்த பொற்கொல்லனே திருடனா என்று யாரும் கேட்கவில்லை. அங்கே சோதனைக்கு வழி இருந்தது: உள்ளே பரல் முத்தா மாணிக்கமா என்று உடைத்துப் பார்த்திருக்கலாம். உடைத்தார்கள், அவன் வெட்டுப்பட்ட பிறகு. காலடி வைத்த நேரத்துக்காகப் பழி சுமக்கிற மருமகளிடம், உடைத்துக் காட்ட அப்படி ஒரு சிலம்புகூட இல்லை.